ஸ்ரீ ஓவர்லோடு இன்னிசைக் குழுவின் ஏற்புரை

சூலூர் கதிரேசன் எழுதிய பாட்டு மொத்தமே ஒன்றரை நிமிடம்தான் ஓடும். அதை மேடையில் ஒரு தடவை முழுதாகப் பாடி முடிக்க அவனுக்கு ஒரு வருடத்துக்கு மேல் ஆயிற்று. அந்த ஒரு வருடமும் அவன் மேடையில்தான் உட்கார்ந்திருந்தான் என்பதையும் சொல்லிவிட வேண்டும்.

கதிரேசன் மோட்டாருக்குக் காயில் கட்டுகிறவன். கிணற்று மோட்டார், கிரைண்டர் மோட்டார் என்று எரிந்துபோய் வருவதை அறுத்தெடுத்து, புதுக் கம்பி சுற்றி, வார்னிஷ் ஊற்றிக் கொடுக்கிற வேலை. பழைய இரும்புக் கடையில் எடைக்குக் கிடந்த டேப் ரெக்கார்டர் ஒன்றைத் தூக்கிவந்து, அதன் மோட்டாருக்கும் அதே கையோடு காயில் கட்டினான். கம்பி பற்றவில்லை. சுற்றைக் குறைத்துவிட்டான். சுற்றுக் குறைந்தால் வேகம் கூடும். உள்ளே ஏற்கெனவே மாட்டியிருந்த இங்கிலீஷ் கேசட் தலைதெறிக்க ஓடியது. பாடியவர் காதலியை நினைத்து மெதுவாக உருகியிருக்கிறார் என்பது ரொம்ப நாள் கழித்து, நல்ல டேப் ரெக்கார்டர் ஒன்றில் போட்டுப் பார்த்தபோதுதான் தெரிந்தது. அதுவரை கதிரேசன் காதில் விழுந்தது, கையில் கட்டையோடு எவனையோ துரத்திக்கொண்டு ஓடுகிற ஆளின் குரல். அவனுக்கு அது உடம்பெல்லாம் ஏறிக்கொண்டது. இரவல் கிடார் ஒன்றில் அதையே கேட்டுக் கேட்டு வாசிக்கப் பழகினான். உண்மை தெரிந்தபின் மெதுவாக வாசிக்க முயற்சி செய்தான், கை கேட்கவில்லை.

கூட்டாளிகள் இரண்டு பேர். சிக்கந்தர் லாரிப் பட்டறையில் டிங்கர் வேலை செய்தான். ஒடுக்கு எடுத்துப் பழகிய கை. டிரம்மைக் கொடுத்தபோது அதையும் லாரிக் கதவைப் போலவே அடித்தான். இன்னொருவன் அருண்குமார், பாலிடெக்னிக் மாணவன். விசைத்தறி முதலாளி பாலுசாமியின் ஒரே மகன் என்பதால் இரண்டு கிடார் அவன் வீட்டில் இருந்தன. மூன்று பேரும் சேர்ந்து குழுவுக்கு 'ஓவர்லோடு' என்று பெயர் வைத்தார்கள். மோட்டார் எரிவதற்கு முந்தின நிலைமை அது.

விமானப்படைக் குடியிருப்பில் இருந்த பஞ்சாபிப் பையன் ஒருவன் ஒரு ஞாயிற்றுக்கிழமை இவர்கள் வாசிப்பதைக் கேட்டுவிட்டு, இதற்குப் பெயர் பங்க் ராக் என்றான். லண்டனில் கையில் காசில்லாத, வேலையில் நொந்த பையன்கள் வாசிப்பது இதுதான் என்றான்.

"நம்மளப் பத்தி அவிங்களுக்கு எப்படித் தெரிஞ்சுது?" என்று கேட்டான் சிக்கந்தர்.

பஞ்சாபிப் பையன் ஒரே ஒரு குறை சொன்னான். பங்க் ராக் என்றால் எதிரில் இருப்பவனை வாய்க்கு வந்தபடி ஏச வேண்டும். கதிரேசன் முயற்சி பண்ணிப் பார்த்தான். அவன் நாக்குக்கு அது வரவில்லை. எவ்வளவு கோபம் ஏறினாலும் கடைசியில் ஒரு 'ங்க' வந்து ஒட்டிக்கொண்டது. எழுதின பாட்டும் அப்படித்தான் அமைந்தது:

நெஞ்சது யாருங்க? எங்கம்மாங்க.
வித்தது யாருங்க? நீங்கதாங்க.
தறியோட சத்தத்துல காது போச்சுங்க.
எங்கம்மா காதுங்க, எங்க போச்சுங்க?
குடுங்க, குடுங்க, திருப்பிக் குடுங்க.

பாட்டில் கற்பனை எதுவும் இல்லை. துணி நெய்தவள் அவன் அம்மா மாசாணியம்மாள். பாலுசாமியின் தறிக் கொட்டகையில், ஊர் வாயில் 'செட்டு', தறி ஓட்டினாள். காட்டு வேலையை விட்டுத் தறிக்கு வந்த நாளிலிருந்து அதே செட்டு. வலது காது போய்விட்டது. இடது காதும் போய்க்கொண்டிருந்தது. பெரிய ஆஸ்பத்திரி டாக்டர் டார்ச் அடித்துப் பார்த்துவிட்டு, "இருக்கறவரைக்கும் நல்லதாக் கேட்டுக்கங்கம்மா" என்றார். அவர் சொன்ன வைத்தியம் அவ்வளவுதான்.

"நீ என்னமோ பாட்டுக் கட்டியிருக்கறயாமா கண்ணு. அருணுத் தம்பி சொல்லுச்சு. எனக்கு ஒருக்கா பாடு பாக்கலாம்" என்றாள் மாசாணியம்மாள்.

கதிரேசன் காயில் பட்டறையில் சின்ன ரேடியோப் பெட்டியில் ஒயர் கொடுத்துப் பாடிக் காட்டினான். அவள் முகத்தை முன்னால் நீட்டிக்கொண்டு கேட்டாள். முடிந்ததும், "வாய் அசையறது தெரியுது சாமி. பொட்டி பத்தாதாட்ட இருக்குது" என்றாள்.

பெரிய ஸ்பீக்கர் பெட்டி வேண்டும். அருண்குமார் அப்பாவுக்குத் தெரியாமல் தறி செட்டிலேயே வாசித்துவிடலாம் என்றான். போய்ப் பார்த்தார்கள். கரண்ட் இருந்தால் தறி ஓடுகிறது. இடி விழுந்தாலும் கேட்காது. கரண்ட் போனால் தறி நிற்கிறது, ஆம்ப்ளிஃபயரும் நிற்கிறது. ஒரு பாட்டுக்காகத் தறியை நிறுத்தச் சொல்லிப் பாலுசாமியிடம் கேட்க அவர் மகனுக்கே தைரியம் இல்லை.

ஆக, பெரிய பெட்டியும் ஒரு மேடையும் வேண்டும். அம்மா முன் வரிசையில் பெட்டிக்குப் பக்கத்தில் உட்கார வேண்டும். இடது காது போவதற்குள் அது நடக்க வேண்டும். கதிரேசன் கேட்டது இவ்வளவுதான். மைக் செட் கடைக்குப் போனபோது கடைக்காரர் மாரப்பன், "சங்கத்து அட்டை இருக்குதுங்களா தம்பி?" என்று கேட்டார்.

கொங்கு மண்டல மேடைக் கலைஞர் நல மேம்பாட்டுச் சங்கம் காந்திபுரத்தில் ஒரு லாட்ஜின் மாடியில் இருந்தது. அதன் அட்டை இல்லாதவர்களுக்கு மைக் செட் தரமாட்டார்கள், பந்தல் போடமாட்டார்கள். போலீசில் அனுமதி கேட்டாலும் சங்கத்தில் போய்க் கேள் என்பார்கள். சுவர் முழுக்கப் படங்கள். எல்லாப் படத்திலும் யாரோ யாருக்கோ சால்வை போர்த்திக்கொண்டிருந்தார்கள். வாத்தியம் என்று ஒன்று எந்தப் படத்திலும் இல்லை.

செயலாளர் கந்தப்பன் மரியாதை தெரிந்த மனிதர். எழுந்து நின்று கும்பிட்டார்.

"வாங்க, வாங்க. தம்பிக்கு எந்த ஊருங்க?"

"சூலூருங்க" என்றான் கதிரேசன்.

"சூலூர்ல எந்தப் பக்கமுங்க ஊடு?"

கதிரேசன் சொன்னான். கந்தப்பன் மெல்ல உட்கார்ந்துகொண்டார். அப்போதும் மரியாதை குறையவில்லை.

"சாவுக்கு அடிக்கற தப்பு செட்டுக்குத் தனிப் பிரிவு இருக்குதுங்க. கீழ, பின்பக்கமாப் போனா ஒரு ரூம்பு இருக்கும்."

"எங்கப்பா பாலுசாமிங்க. ஸ்ரீ மாகாளி டெக்ஸ்" என்றான் அருண்குமார்.

கந்தப்பன் மறுபடி எழுந்தார். "மொதலாளி பையனுங்களா. முன்னயே சொல்றதில்லீங்களா. ஏப்பா, மூணு டீ."

டீ வந்தது. மற்ற இருவருக்கும் டம்ளரில் வந்தது, கதிரேசனுக்குக் காகிதக் கப்பில் வந்தது. அவன் அதைப் பார்த்தான், சிக்கந்தரும் பார்த்தான். இரண்டு பேரும் குடித்துவிட்டார்கள்.

"ஓவர்லோடுன்னு பேரு மொட்டையா இருக்குதுங்களே" என்றார் கந்தப்பன். "முன்னால ஒரு ஸ்ரீ போட்டுக்கலாம். பின்னால இன்னிசைக் குழு. நடுவுல எது வேணா இருந்துட்டுப் போகட்டும். பாட்டு எத்தன நிமிசமுங்க?"

"ஒன்றர நிமிசமுங்க."

"ஒன்றர நிமிசமா." கந்தப்பன் வருத்தப்பட்டார். "நம்ம சங்கத்துல வாழ்த்துரையே ஏழு நிமிசமுங்க. பாட்டு அதவிடச் சின்னதா இருந்தா வாழ்த்தறவங்களுக்கு அது மரியாதைங்களா?"

தரத் தேர்வு அடுத்த வாரம் நடந்தது. தலைவர் ஆறுச்சாமி நடுவில் உட்கார்ந்தார். இரண்டு பக்கமும் இரண்டு நடுவர்கள். ஸ்ரீ ஓவர்லோடு இன்னிசைக் குழு முதலில் ஒரு பக்திப் பாட்டு வாசிக்க வேண்டும் என்றார்கள். வாசித்தார்கள். வழக்கமாக ஐந்து நிமிடம் வருகிற பிள்ளையார் பாட்டு இவர்கள் கையில் ஒரு நிமிடத்தில் முடிந்துவிட்டது. பிறகு சொந்தப் பாட்டு. இடது பக்க நடுவர் இரண்டு காதிலும் விரலை வைத்துக்கொண்டு மார்க் போட முடியாமல் தவித்தார்.

முடிந்ததும் அவர் காதிலிருந்து விரலை எடுத்தார்.

"பாட்டு பூராவும் மரியாதையா இருக்குதுங்க. அதுல ஒரு கொறையும் சொல்ல முடியாது" என்றார் வலது பக்க நடுவர்.

"மரியாதை இருக்குது. ஆனா ஒரு அவசரம் தெரியுது" என்றார் ஆறுச்சாமி. "தம்பி பாடறப்ப காலை ஆட்டறாரு. நிக்கற எடத்துல நிக்கறதில்ல. மேடைங்கறது அப்பிடி இல்லீங்க. மேடையில மொதல்ல உக்காரப் பழகோணும். ஒரு வருசம் மேடைப் பழக்கம். சங்கம் எங்கெங்க விழா எடுக்குதோ அங்கெல்லாம் வாங்க. வாத்தியத்தோட வந்து உக்காருங்க. கடசில நேரம் மிச்சமிருந்தா வாசிங்க."

"நேரம் மிச்சமிருக்குமுங்களா?" என்றான் கதிரேசன்.

"எப்பிடிங்க இல்லாம போகும்?" என்றார் ஆறுச்சாமி.

இப்படித்தான் ஸ்ரீ ஓவர்லோடு இன்னிசைக் குழுவின் சுற்றுப்பயணம் ஆரம்பமானது. வெள்ளைச் சட்டை, வெள்ளைப் பேண்ட், நெற்றியில் சந்தனம். சிக்கந்தருக்கும் சந்தனம் வைத்தார்கள். வேண்டாம் என்றால் மேடை ஒழுங்கு கெடும் என்றார் கந்தப்பன்.

முதல் விழா சூலூரிலேயே. மாசாணியம்மாள் வேலை முடிந்து, தலையில் ஒட்டிய பஞ்சைத் தட்டிக்கொண்டு, பெட்டிக்குப் பக்கத்தில் வந்து உட்கார்ந்துவிட்டாள். வரவேற்புரை, தலைமையுரை, முன்னிலை, வாழ்த்துரை. வாழ்த்துரை வழங்கியவருக்கு நன்றியுரை. கதிரேசனுக்கு உட்கார முடியவில்லை. வலது கால் தானாக ஆடியது. அதை இடது காலால் மிதித்து வைத்துக்கொண்டான். ஆறுச்சாமி மைக்கைப் பிடித்தார்.

"இந்தப் பசங்களப் பாருங்க. எவ்வளவு அடக்கம். கலைஞன்னா இப்பிடி இருக்கோணுமுங்க. கலைஞனுக்கு மரியாதை செய்யறதுன்னா என்ன? அவன் வேலைய நிறுத்தி, அவன உக்கார வெச்சு, துண்டு போடறதுதானுங்க. நான் முப்பது வருசமாச் சங்கத்துல இருக்கறேன். ஒரு பாட்டக்கூட முழுசா உக்காந்து கேட்டதில்லீங்க. கேட்டுட்டு இருந்தா சங்கத்த இந்த அளவுக்கு வளத்தியிருக்க முடியுமுங்களா?"

கைதட்டினார்கள். பத்து மணிக்கு மேல் மைக் கூடாது என்று போலீஸ்காரர் கைக்கடிகாரத்தைக் காட்டினார். விழா இனிதே முடிந்தது.

"நீ பாடுனயா கண்ணு? எனக்குத்தான் கேக்கலியா?" என்றாள் மாசாணியம்மாள், வீட்டுக்குப் போகும் வழியில்.

"பாடலம்மா."

"அப்ப செரி. நான் பயந்துபோட்டேன்."

பெரியநாயக்கன்பாளையத்தில் பவுண்டரித் தொழிலாளர்கள் ஆயுத பூஜைக்கு விழா எடுத்தார்கள். அங்கே குழுவுக்குச் சால்வை போர்த்தினார்கள். கதிரேசனுக்குப் போர்த்திய சால்வையின் ஓரத்தில் காபிக் கறை இருந்தது. கீழே இறங்கியதும் கந்தப்பன் கையை நீட்டினார்.

"அதைக் குடுத்துட்டுப் போங்க தம்பி. அடுத்தது இன்ஸ்பெக்டர் ஐயாவுக்குப் போர்த்தோணும்."

இன்ஸ்பெக்டருக்குப் போர்த்தினார்கள். அவரிடம் கேட்டு வாங்க முடியாது என்பதால் ஜீப்பில் ஏறும்போது கந்தப்பன் மடித்து வைக்கிற மாதிரி எடுத்துக்கொண்டார். கூட்டத்தில் ஒருவன் எழுந்து, "ஏனுங்க, பாட்டு எப்பங்க?" என்று கேட்டான். சங்கத் தொண்டர் அவன் தோளை அமுக்கி உட்காரவைத்தார். "இருங்க. இன்னும் வரவேற்பே முடியல."

மேடைக்கு மேல் மேடை. ஊருக்கு மேல் ஊர். டெம்போவில் டிரம்மும் கிடாரும் ஏறின, இறங்கின. சுவரொட்டியில் 'பல மேடைகள் கண்ட' என்ற அடைமொழி ஏறியது. டவுன் பஸ்ஸில் ஒரு கண்டக்டர் கதிரேசனை உற்றுப் பார்த்துவிட்டு, "நீங்க அந்த உக்காந்திருக்கறவங்கதானுங்களே?" என்று கேட்டு, உட்கார இடம் பிடித்துக் கொடுத்தார். கதிரேசன் நின்றுகொண்டே வந்தான்.

வீட்டில் அவன் குரல் ஏறிக்கொண்டே போனது. முதலில் சாதாரணமாகப் பேசினால் அம்மாவுக்குக் கேட்கும். ஆயுத பூஜைக்கு அப்புறம் கத்த வேண்டியிருந்தது. பொங்கல் தாண்டியபோது இடது பக்கமாகப் போய் நின்று கத்த வேண்டியிருந்தது. பக்கத்து வீட்டுக்காரர்கள் அம்மாவும் பிள்ளையும் தினம் சண்டை போடுவதாக நினைத்துக்கொண்டார்கள்.

"விட்டுத் தொலைக்கலான்டா" என்றான் சிக்கந்தர். "நானும் ரெண்டு குச்சிய மடியில வெச்சுட்டு எத்தன நாளைக்குத்தான் சாமி பொம்ம மாதிரி உக்காந்திருக்கறது? பட்டறையில மேஸ்திரி என்னயப் பாத்துக் கும்புடறாரு."

"வெள்ளகோவில் ஒண்ணு பாத்துடலாம்" என்றான் கதிரேசன்.

வெள்ளகோவில் அம்மன் நோன்பு விழாவில் அதிசயமாக நேரம் மிச்சமிருந்தது. வர வேண்டிய சிறப்பு விருந்தினர் வரவில்லை. கந்தப்பன் வேறு வழியில்லாமல் தலையாட்டினார். கதிரேசன் எழுந்து மைக்குக்குப் போனான். கால் தரையில் நிற்கவில்லை. சிக்கந்தர் குச்சியைத் தூக்கி, ஒன், டூ, த்ரீ என்று எண்ணினான். ஃபோர் சொல்வதற்குள் விருந்தினரின் ஜீப் பந்தலுக்குள்ளேயே வந்து நின்றது.

வந்தவர் ஓய்வுபெற்ற கூட்டுறவு அதிகாரி. அவருக்குப் பாராட்டு, பாராட்டுக்கு அவர் ஏற்புரை. ஏற்புரையில் தன் குடலிறக்க ஆபரேஷனைப் பற்றி ஆரம்பத்திலிருந்து சொன்னார். மயக்க மருந்து கொடுக்கும் கட்டத்தில் கரண்ட் போய்விட்டது. மைக் செட் மாரப்பன் இருட்டில் ஓடிப்போய் ஜீப்பின் பேட்டரியைக் கழற்றிவந்து மைக்குக்குக் கொடுத்தார். அதிகாரி விட்ட இடத்திலிருந்து தொடர்ந்தார். தையல் பிரிக்கிற இடம் வந்தபோது போலீஸ் சொன்ன நேரம் தாண்டிப் போயிருந்தது. போலீஸ்காரரும் கையைக் கட்டிக்கொண்டு கேட்டார்.

சாமான்களை ஏற்றும்போது கதிரேசன் கேட்டான்: "ஏனுங்க மாரப்பண்ணா, எங்களுக்குன்னா பத்து மணியானதும் ஆப் பண்றீங்க. அவருக்கு ஜீப்பயே பிரிச்சுக் குடுத்தீங்க."

"அது பேச்சுங்க தம்பி. இது பாட்டு. பாட்டுன்னா செயலாளர் கண்ணக் காட்டுனாப் போதும், ஆப் பண்ணிப் போடுவேன். பேச்ச நடுவுல நிறுத்துனா என்ற அட்டையப் புடுங்கிப் போடுவாங்க. அதுலயும் ஏற்புரை. ஏற்புரைல ஒருத்தரு மயங்கி உழுந்தாருங்க. அப்பவும் மைக்க அவரு வாய்கிட்டத்தான் வெச்சிருந்தேன்."

டெம்போவில் ஊர்வரை கதிரேசனின் கால் ஆடிக்கொண்டே வந்தது.

சித்திரையில் சங்கத்தின் ஆண்டு விழா. கோயமுத்தூரில் ஒரு கல்யாண மண்டபம், ஞாயிற்றுக்கிழமை காலை. ஸ்ரீ ஓவர்லோடு இன்னிசைக் குழுவுக்கு 'மேடைச் செம்மல்' விருது. ஒரு வருடத்தில் ஒரு தடவைகூட நேரத்தை மீறாத, ஒலி பற்றி ஒரு புகாரும் வராத ஒரே குழு என்பது காரணம். பட்டம் வழங்குபவர் சங்கப் புரவலர் பாலுசாமி.

"வாம்மா, இன்னைக்குப் பாடறேன்" என்று கதிரேசன் இடது காதில் கத்தினான்.

மாசாணியம்மாள் தலையை ஆட்டினாள். "ஏத்துமதி ஆர்டராமா. ஞாயித்துக்கெழமையும் தறி ஓடுது. வராதவிங்க நாளைக்கும் வர வேண்டாம்னு சொல்லிப்போட்டாரு. நீ போயிட்டு வா கண்ணு."

அவளை வேலைக்கு நிறுத்திவிட்டு வந்த பாலுசாமி மேடையில் கதிரேசனுக்குச் சால்வை போர்த்தினார். ஓரத்தில் காபிக் கறை. கதிரேசன் அதைத் தடவிப் பார்த்துக்கொண்டான், தெரிந்தவரைப் பார்த்த மாதிரி.

"இப்போது விருது பெற்ற குழுவின் சார்பில் ஏற்புரை" என்றார் கந்தப்பன்.

படம் எடுக்க அழகாக இருக்கும் என்று டிரம்மும் கிடாரும் வழக்கம்போல மேடையில் வைத்திருந்தார்கள். வழக்கத்துக்கு மாறாக அவற்றிலிருந்து மாரப்பனின் பெட்டிக்கு ஒயர் போயிருந்தது. அவரிடம் கதிரேசன் காலையிலேயே, ஏற்புரைதானுங்க, ஏற்புரைதானுங்க என்று திருப்பித் திருப்பிச் சொல்லி வைத்திருந்தான்.

கதிரேசன் மைக்கின் முன்னால் நின்றான். "எல்லாருக்கும் வணக்கமுங்க. இது எங்க ஏற்புரைங்க."

சிக்கந்தர் நாலுவரை எண்ணினான்.

அந்த மண்டபத்தில் அதுவரை அதிகமாகச் சத்தம் போட்டது நாதஸ்வரம்தான். இது வேறு. சீரியல் பல்புகள் ஆடின. பின்னால் சாப்பாட்டுக் கூடத்தில் அப்பளம் பொரித்துக்கொண்டிருந்தவர்கள் எட்டிப் பார்த்தார்கள். ஒரு வருடமாக உட்கார்ந்திருந்த கால்கள் மூன்று ஜோடியும் ஒரே சமயத்தில் எழுந்துகொண்டன. நெஞ்சது யாருங்க என்று கதிரேசன் கேட்டபோது அவன் கழுத்து நரம்பு முதல் வரிசைவரை தெரிந்தது. கந்தப்பன் எழுந்து மாரப்பனைப் பார்த்துக் கழுத்தை அறுக்கிற மாதிரி சைகை காட்டினார். மாரப்பன் இரண்டு கையையும் கூப்பினார்.

"ஏற்புரைங்க. எப்பிடிங்க ஆப் பண்றது?"

கந்தப்பன் யோசித்துப் பார்த்தார். மாரப்பன் சொல்வதில் தவறு இல்லை. உட்கார்ந்துவிட்டார். கூட்டமும் ஏற்புரைக்கு எப்படி உட்காருமோ அப்படியே, முகத்தைக் கொஞ்சம் சாய்த்து, பாதிக் கண்ணை மூடிக்கொண்டு உட்கார்ந்திருந்தது. திருப்பிக் குடுங்க என்று கடைசியாகக் கத்தி நிறுத்தியதும் எல்லோரும் மரியாதையாகக் கைதட்டினார்கள்.

ஆறுச்சாமி மைக்கை வாங்கினார். கண்ணாடியைத் துடைத்தார்.

"வாழ்க்கையில மொதல் தடவையா ஒண்ண முழுசாக் கேட்டனுங்க. என்ன சுருக்கம். கேள்வியும் கேக்கறாங்க, பதிலையும் சொல்லிப் போடறாங்க. இவங்க பாட்டுப் பிரிவுல இருக்க வேண்டியவங்களே இல்லீங்க. தப்பா வெச்சிருந்திருக்கறோம். இந்த நிமிசத்துல இருந்து ஸ்ரீ ஓவர்லோடு பேச்சாளர் பிரிவு."

பேச்சாளர் பிரிவுக்குத் தரத் தேர்வு கிடையாது. நேரக் கட்டுப்பாடும் கிடையாது.

பாலுசாமிக்கு நிஜமாகவே குரல் கம்மியிருந்தது. "நெஞ்சது யாருன்னு கேட்டாரு பாருங்க, எனக்குக் கண்ணுல தண்ணி வந்துபோச்சு. காது போற அளவுக்கு ஒழச்சிருக்கறாங்கன்னு சொன்னாரே, அந்த மாதிரி ஆளுக இன்னைக்கு எங்கீங்க கெடைக்கறாங்க? இத என்ற செட்டுல இருக்கற ஆளுகளெல்லாம் கேக்கோணும். அப்பத்தான் தொழில் மேல ஒரு பக்தி வரும். எல்லா செட்டுக்கும் இவங்களக் கூட்டிட்டுப் போங்க. செலவு என்றது."

"அப்பா, அது வந்து..." என்று எழுந்தான் அருண்குமார். சிக்கந்தர் அவன் சட்டையைப் பிடித்து இழுத்து உட்காரவைத்தான்.

புதுச் சுவரொட்டி அடித்தார்கள்: 'தொழில் எழுச்சிச் சொற்பொழிவு. சிறப்புரை: ஸ்ரீ ஓவர்லோடு. பக்கவாத்தியங்களுடன்.' முதல் கூட்டம் பாலுசாமியின் செட்டில், புதன்கிழமை காலை.

சொற்பொழிவு என்பதால் பாலுசாமி தறியை நிறுத்தச் சொன்னார். மெயினை அணைக்க வேண்டியதில்லை. பேச்சாளருக்கு மைக் வேண்டுமே. கதிரேசன் உள்ளே நுழைந்தபோது எல்லாத் தறியும் நின்றிருந்தது. தலைக்கு மேல் டியூப் லைட் எரிந்துகொண்டிருந்தது. பட்டப்பகலில் தறி நின்று, கரண்டும் இருந்து அவன் அந்த செட்டைப் பார்த்ததே இல்லை. வேலையாட்கள் அந்த அமைதியில் என்ன செய்வதென்று தெரியாமல் நின்றார்கள். சிலர் பழக்கதோஷத்தில் கையை அசைத்தே பேசிக்கொண்டார்கள்.

மாசாணியம்மாள் தன் தறியோரம் நின்றாள். தலையெல்லாம் பஞ்சு. மாரப்பன் பெரிய பெட்டி இரண்டையும் அவள் பக்கமாகத் திருப்பி வைத்தார். யாரும் அவரிடம் சொல்லவில்லை. அவள் இடது காதிலிருந்து முக்காட்டை விலக்கிக்கொண்டாள்.

சிக்கந்தர் எண்ணினான். தகரக் கூரை அதிர்ந்தது. கதிரேசன் கண்ணை மூடவில்லை. அம்மாவையே பார்த்துப் பாடினான். அவள் முகம் முதலில் அப்படியே இருந்தது. இரண்டாம் வரியில் அவள் உதடு லேசாக அசைந்தது. கடைசி வரிக்கு வந்தபோது அந்த 'ங்க' வந்து ஒட்டிக்கொள்ளவில்லை. குடு, குடு, திருப்பிக் குடு என்று கத்தி முடித்தான்.

பாலுசாமி கைதட்டினார். வேலையாட்களில் ஒருவரும் தட்டவில்லை. எல்லோரும் பாலுசாமியைப் பார்த்துக்கொண்டிருந்தார்கள். அவர் அதைத் தனக்குச் செய்த மரியாதை என்று எடுத்துக்கொண்டு கும்பிட்டார்.

மாசாணியம்மாள் நடந்து வந்தாள். காது கேட்காதவர்கள் பேசுகிற உரத்த குரல் அவளுக்கு; செட்டு முழுக்கக் கேட்டது.

"கேட்டுதாம்மா?" என்று இடது காதில் கத்தினான் கதிரேசன்.

"நெஞ்சது யாருன்னு கேக்கற. எங்கம்மான்னு சொல்ற. எல்லாம் கேட்டுது சாமி." அவள் பஞ்சு படிந்த கையால் அவன் முகத்து வேர்வையைத் துடைத்தாள். "கடசில மட்டும் குடு, குடுன்னு மொட்டையாச் சொல்லிப்போட்ட. மொதலாளி நிக்கறாரு. மரியாதை வேண்டாமா?"

கதிரேசன் தலையைக் குனிந்துகொண்டான்.

"இன்னொருக்கா சொல்லு" என்றாள்.

"மரியாதையோடயாம்மா?"

மாசாணியம்மாள் திரும்பி, நின்றிருக்கிற தறிகளைப் பார்த்தாள். நன்றி சொல்லப் போகிறார்கள் என்று மைக்குக்குப் பக்கத்தில் வந்து சிரித்த முகத்தோடு காத்திருந்த பாலுசாமியைப் பார்த்தாள்.

"வேண்டாம்" என்றாள்.

பாலுசாமி நேரமாவதைப் பார்த்து, தறியைப் போடச் சொல்லி மேஸ்திரியிடம் கையைத் தூக்கினார். கூட்டத்தை நடத்த வந்திருந்த கந்தப்பன் பதறிப்போய் அந்தக் கையைப் பிடித்துக்கொண்டார்.

"இன்னும் பேச்சு முடியலீங்க மொதலாளி. முடியறவரைக்கும் யாரும் குறுக்க வரக்கூடாதுங்க. சங்கத்து முறை."

பாலுசாமி கையை இறக்கிக் கட்டிக்கொண்டார். சிக்கந்தர் குச்சியைத் தூக்கினான்.